மண்ணுடலின் வதை

சென்னையில் யாரிடம் புழல் என்றாலும் ஏரியைச் சொல்வார்கள். இல்லையென்றால் சிறையைச் சொல்வார்கள். ஏரிக்கு இன்றைய உருவம் கிடைத்தது 1876-இல், வெள்ளையர் ஆட்சியில். பூங்கா நகரில் 1837 முதல் இருந்த மத்திய சிறை இங்கே இடம் மாறியது 2006-இல். இவற்றுக்கெல்லாம் முந்தைய புழலின் அடையாளம் ஒரு மண்கோட்டை. தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களில் ஒன்று புழற்கோட்டம். குறும்பர்கள் அங்கே கோட்டை கட்டி ஆண்ட கதையை காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகள் சொல்கின்றன. குஸ்தவ் ஆப்பர்ட் இந்தியாவின் ஆதிகுடிகள் பற்றி எழுதி 1893-இல் வெளியான நூலில் அதை விரிவாக எடுத்தாண்டார்.

குறும்பரை வென்ற தொண்டைமானின் கதை பக்கத்து ஊரான திருமுல்லைவாயிலில் கோயிலாகவே நிற்கிறது. படையோடு வந்தவனுடைய யானையின் கால் முல்லைக் கொடியில் சிக்கிக்கொள்கிறது. கொடியை வாளால் வெட்டுகிறான். கொடிக்கு அடியில் இருந்த லிங்கத்தின் மேல் வெட்டு விழுந்து ரத்தம் பெருகுகிறது. மாசிலாமணீசுவரர் கோயிலில் அந்தக் காயத்தின் மேல் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு இருக்கிறது. சித்திரைச் சதயத்தன்று மட்டும் அதைக் களைகிறார்கள். கருவறைக்கு முன்னால் நிற்கும் இரண்டு எருக்கந்தூண்கள் புழல் கோட்டையிலிருந்து வந்தவை என்று அந்த ஊர் நம்புகிறது.

இந்தக் கதையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. செய்து வைத்த உருவத்துக்கும் காயம் படும், அந்தக் காயத்துக்கு மனிதர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் பழையது. கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் உலகக் கலைக்கூடங்களில் பார்ப்பவரை நிலைகுலைய வைத்த, களிமண் பொம்மைகளை அசைத்து எடுக்கும் கிளே அனிமேஷன் படங்கள் நிற்பதும் இதே எண்ணத்தின் மேல்தான். அவை ஏதோ ஐரோப்பிய மனவக்கிரம் என்று ஒதுக்கிவிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அவற்றின் பங்காளி நம் ஊர்த் திருவிழாவில் இருக்கிறது.

முதலில் அந்தப் படம் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒரு நிலையை இரண்டு சட்டகத்துக்கு வைத்துக்கொண்டாலும், விநாடிக்குப் பன்னிரண்டு முறை பொம்மையைத் தொட்டு மாற்ற வேண்டும். ஐந்து நிமிடப் படத்துக்கு 3,600 முறை. குயவர் பிசைகிற மண் விளக்குச் சூட்டில் காய்ந்து வெடித்துவிடும். அதனால் பெரும்பாலானோர் எண்ணெயில் குழைத்த, காயாத ஒரு பொருளைப் பயன்படுத்துகிறார்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹார்பட் என்ற கலை ஆசிரியர் 1897-இல் உருவாக்கிய பிளாஸ்டிசின்தான் இவற்றில் பெயர் பெற்றது. மரப்பாவையை அசைப்பதென்றால் மூட்டில் திருப்பினால் போதும். மண்ணுக்கு மூட்டு கிடையாது. கை உயர வேண்டுமானால் தோள் இருக்குமிடத்தில் மண்ணை அமுக்க வேண்டும், இழுக்க வேண்டும், சில நேரம் பிய்த்து ஒட்ட வேண்டும். உதடு சிரிக்க வேண்டுமானால் கன்னத்தைக் குத்த வேண்டும். அமுக்கிய விரலின் ரேகை மண்ணில் பதிந்து, அடுத்த சட்டகத்தில் இடம் மாறி, தோல் முழுவதும் கொதிப்பதுபோல் திரையில் தெரிகிறது. களிமண் படத்தில் ஒவ்வோர் அசைவும் ஒரு சிறு காயம். வரைந்த படத்திலோ கணினிப் படத்திலோ இது கிடையாது. அங்கே வன்முறையின் சித்திரம் மட்டுமே இருக்கும். இங்கே அந்த உடல் உண்மையாகவே நசுங்குகிறது, நசுக்கியவரின் கைரேகையோடு.

இதை முதலில் முழுதாக உணர்ந்தவர் செக் நாட்டுக் கலைஞர் யான் ஷ்வாங்க்மேயர் என்பது என் கணிப்பு. 1970-களில் சில ஆண்டுகள் படம் எடுக்க முடியாதபடி அரசால் தடுக்கப்பட்டவர் அவர். 1982-இல் அவர் எடுத்த 'உரையாடலின் பரிமாணங்கள்' பன்னிரண்டு நிமிடமே ஓடும் படம்; மறு ஆண்டு பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடியைப் பெற்றது. மூன்று பகுதிகளில் நடுப்பகுதியை மட்டும் இங்கே சொல்கிறேன். மேசைக்கு இருபுறமும் களிமண் ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள். கையைத் தொடுகிறார்கள். தொட்ட இடத்தில் இருவர் மண்ணும் கலக்கிறது. முத்தத்தில் முகங்கள் கரைகின்றன; கொஞ்ச நேரம் மேசைமேல் இருப்பது யாருடைய உடல் என்றே தெரியாத, அலையடிக்கிற ஒரே மண். பிறகு பிரிந்து பழையபடி உட்கார்கிறார்கள். நடுவில் ஓர் உருண்டை மிஞ்சியிருக்கிறது. இருவர் உடலிலும் அதற்கு இடமில்லை. அது ஊர்ந்து போய்ப் பெண்ணின் மார்பில் ஒட்டப் பார்க்கிறது, அவள் தள்ளிவிடுகிறாள். ஆணிடம் போகிறது, அவனும் தள்ளுகிறான். கடைசியில் அதை எடுத்து ஒருவர் முகத்தில் ஒருவர் எறிகிறார்கள். பிறகு ஒருவரை ஒருவர் விரலால் கிழித்துக் கூழாக்கிவிடுகிறார்கள். முகமோ வாயோ இல்லாத அந்த உருண்டைக்காக மனம் படும் பாடு பெரும்பாடு. அதற்கு முகம் இருந்திருந்தால் இந்த அளவுக்கு வலித்திருக்காது.

அமெரிக்காவிலும் ஓர் இடத்தில் மண்ணுடலின் இந்த வதை தலைகாட்டியது, அதுவும் குழந்தைகளுக்கான படத்தில். வில் விண்டன் 1985-இல் எடுத்த 'மார்க் ட்வைனின் சாகசங்கள்' படத்தில், தலைக்குப் பதில் கையில் முகமூடி பிடித்த ஓர் உருவம் வந்து தன் பெயர் சாத்தான் என்கிறது. பிள்ளைகளுக்கு முன்னால் களிமண்ணில் குட்டி மனிதர்களைச் செய்து ஒரு சிற்றூரை உண்டாக்குகிறது. அவர்கள் சண்டை போடத் தொடங்கியதும் இடியாலும் நிலநடுக்கத்தாலும் அத்தனை பேரையும் அழித்துவிடுகிறது. படைத்தவனின் கையும் கொன்றவனின் கையும் ஒன்றே. கிளே அனிமேஷன் செய்கிறவர் தன் தொழிலைப் பற்றித் தானே கொடுத்த வாக்குமூலமாக அந்தக் காட்சியைப் படிக்கலாம்.

இந்தப் பாதையைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுபோனவர் சுவீடனின் நத்தாலி யூர்பெரி. 1978-இல் பிறந்து, மால்மோ கலைக் கல்லூரியில் படித்தவர். 2004 முதல் இசையமைப்பாளர் ஹான்ஸ் பெரியோடு சேர்ந்து வேலை செய்கிறார். 2009 வெனிஸ் பியன்னாலேயில், மனிதரை விழுங்கும் அளவுக்குப் பெரிய மலர்ச் சிற்பங்களுக்கு நடுவே மூன்று படங்களை ஓடவிட்ட 'சோதனை' என்ற படைப்புக்காக, இளம் கலைஞருக்கான வெள்ளிச் சிங்கம் விருதைப் பெற்றார். ஸ்டாக்ஹோமின் மொடர்னா மியூசியம் 2018-இல் அவர்களுடைய பெரிய கண்காட்சியை நடத்தியபோது அதற்கு வைத்த பெயரிலேயே சேறும் குழப்பமும் இருந்தன.

அவருடைய படங்களில் கதை சிறியது, பேச்சு மிகக் குறைவு. 'அம்மாதான்' என்று பொருள்படும் 2008-ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு தாய் உடையில்லாமல் படுத்திருக்கிறாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக அவள் வயிற்றுக்குள் திரும்ப நுழைகிறார்கள். உள்ளே போனவர்களின் கைகால்கள் அவள் உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே நீள்கின்றன. அதே ஆண்டின் இன்னொரு படத்தில் காட்டில் விழுந்து இறந்த பெண்ணின் உடல் நம் கண்முன் அழுகுகிறது. புழு பூச்சிகளும் விலங்குகளும் அவளுக்குள் குடியேறுகின்றன. இவற்றை விவரித்தால் அருவருப்பு மட்டுமே மிஞ்சும். பார்க்கும்போது கூடவே வேறொன்றும் நடக்கிறது. உருவங்களின் கண் பெரிது, வண்ணம் மிட்டாய்க் கடை வண்ணம், முடிப்பு வேண்டுமென்றே கரடுமுரடு. சிறுபிள்ளை செய்த பொம்மையைப் பார்க்கிற கனிவோடு உள்ளே போன மனம் பாதி வழியில் மாட்டிக்கொள்கிறது. அந்தக் கனிவைத் திரும்பப் பெறவும் முடியாமல் தொடரவும் முடியாமல் தவிக்கிறோம். கலைக்கூடத்தின் இருட்டறையில் இந்தத் தவிப்பைத் தனியாகத்தான் பட வேண்டும். படம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். தீர்வு கிடையாது, சடங்கு கிடையாது, பக்கத்தில் யாரும் கிடையாது.

இந்தியாவில் களிமண் அசைந்தது பெரும்பாலும் சிரிக்க வைக்கத்தான். சுரேஷ் எரியாட் போன்றோரின் கைவண்ணத்தில் வந்த அமரான் பேட்டரி விளம்பரங்களைத் தொலைக்காட்சியில் பார்த்து ரசித்தவர்கள் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பார்கள். பின்னாளில் அவரே 'டோக்ரி' என்ற படத்தில் கூடை விற்கும் சிறுமி ஒருத்தியின் துயரத்தை மிக நுட்பமாகச் செய்துகாட்டினார். அது நெகிழ வைக்கும் படம், குலைக்கும் படம் அல்ல.

குலைக்கும் மண்ணுருவத்தைத் தேடுகிறவர் திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போக வேண்டும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து என்று நாள்கணக்கில் நடக்கும் விழா பதினெட்டாம் போரில் வந்து முடிகிறது. அன்று படுகளம். கோயிலுக்கு எதிரே வெட்டவெளியில் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். முழுக்க மண். ஐம்பது அறுபது அடி நீளத்துக்குக்கூடச் செய்வார்கள். மண்ணைக் குவித்து, நீர் தெளித்து, மண்வெட்டியின் முதுகால் தட்டி, மார்பும் தொடையும் முழங்காலும் எடுத்து, வண்ணம் பூசி, விழித்த கண்ணும் முறுக்கிய மீசையும் எழுதி, கையில் கதாயுதம் கொடுத்திருப்பார்கள். தொடைக்குள் சிவப்பு நீர் நிறைத்த கலயம் ஒன்று புதைந்திருக்கும். வெயில் ஏற ஏற மேல்பூச்சு வெடிக்கும். செய்தவர்கள் ஈரக் கையால் தடவிச் சரிசெய்தபடியே இருப்பார்கள். சாகப்போகிறவனின் தோலுக்கு அந்தக் கடைசிப் பராமரிப்பு! அந்தக் கைகளை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும்.

பீமன் வேடமும் துரியோதனன் வேடமும் கட்டிய கூத்துக் கலைஞர்கள் அந்த உடலின் மேலேயே ஏறி ஓடிச் சண்டை போடுவார்கள். துரியோதனன் இங்கே இரண்டாக இருக்கிறான்: வசனம் பேசி ஓடுகிறவன் ஒருவன், கிடந்து வாங்குகிறவன் ஒருவன். அடி விழுவது கிடப்பவன் மேல். தொடை உடையும், சிவப்பு நீர் வழியும். அதை எடுத்துத் திரௌபதியின் கூந்தலில் தடவி முடிப்பார்கள். சபையில் அவிழ்ந்த கூந்தல் அப்போதுதான் முடியும். சில ஊர்களில் துரியோதனன் மனைவி பெருந்திருவாளின் வேடக்காரர் முறத்தோடும் துடைப்பத்தோடும் வந்து ஒப்பாரி வைப்பார். வில்லன் செத்ததற்குக் கூட்டத்தில் பெண்கள் நிஜமாகவே அழுவார்கள். கொன்ற பக்கத்தின் கோயில், செத்தவனுக்கு அழுகை. இந்த இரட்டை உணர்வைத்தான் யூர்பெரி இருட்டறையில் தேடுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறகு மக்கள் ஓடிவந்து அந்த மண்ணை அள்ளுவார்கள். வீட்டுக்கு, நிலத்துக்கு, குதிருக்கு என்று முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். மாலையில் தீமிதி.

திரௌபதி வழிபாட்டை 1988-லும் 1991-லும் இரண்டு பெருந்தொகுதிகளாக எழுதிய ஆல்ஃப் ஹில்டபைட்டல், தெருக்கூத்தை ஆராய்ந்த ரிச்சர்ட் பிராஸ்கா போன்றோர் இவற்றைச் சமயமாகவும் நாடகமாகவும் நுணுகிப் பார்த்தார்கள். சிற்பமாக, அதிலும் அழிக்கப்படுவதற்கென்றே செய்யப்படும் தற்காலச் சிற்பமாக, இதைப் படிப்பது இன்னும் போதுமான அளவு நடக்கவில்லை என்பது என் குறை. மாசி அமாவாசையில் மேல்மலையனூர் அங்காளம்மன் மயானக் கொள்ளைக்கும் இது பொருந்தும். சுடுகாட்டில் மண்ணாலும் சாம்பலாலும் படுத்த உருவம் செய்து, படையலிட்டு, ஆவேசத்தோடு அதன் மேல் பாய்ந்து சூறையாடுகிற அந்த விழா, அங்காளம்மன் வழிபாடு வேரூன்றிய வடசென்னைக்கும் அந்நியமானதல்ல.

ஒற்றுமையைச் சொன்னால் வேற்றுமையையும் சொல்ல வேண்டும். படுகளத்தில் மண் அசைவதில்லை. மனிதர்கள் அதைச் சுற்றி அசைகிறார்கள். அசைவை ஊர் கொடுக்கிறது. வதைக்கு முன்னால் பதினெட்டு நாள் கதை இருக்கிறது, பின்னால் ஒப்பாரியும் தீயும் இருக்கின்றன. உடைந்த மண்ணுக்குப் போகுமிடம் இருக்கிறது. கிளே அனிமேஷனில் அசைவைக் கொடுப்பது ஒரே ஒருவரின் கை, மூடிய அறையில். வதை முடிந்ததும் மண் மறுபடி உருண்டையாகி அடுத்த பொம்மைக்குப் போகிறது. படுகளத்தின் ஆறுதல் பெரிது. அதற்கு ஒரு விலையும் உண்டு: யார் சாக வேண்டும் என்பதைக் கதை முன்பே தீர்மானித்துவிட்டது, இத்தனை நூற்றாண்டுகளாக அடி துரியோதனன் தொடையில்தான் விழுகிறது. தற்காலக் கலைஞருக்கு அந்தத் தீர்ப்பு கைவசம் இல்லை. யாரை உடைக்கிறோம், எந்த உரிமையில் உடைக்கிறோம் என்று ஒவ்வொரு சட்டகத்திலும் அவர் கேட்டாக வேண்டும். கேட்காதபோது படம் வெறும் குரூரமாகிவிடுகிறது. உலகெங்கும் வந்து குவிகிற 'அதிர்ச்சி' கிளே படங்களில் பல அப்படிப்பட்டவைதான். அவற்றை நான் கலையில் சேர்க்கமாட்டேன்.

அந்தக் கேள்வியை மிகக் கடுமையாகத் தன்னிடமே கேட்டவர் கம்போடியாவின் ரித்தி பான். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் பெற்றோரையும் நெருங்கிய உறவுகளையும் இழந்தவர். அந்தச் சாவுகளுக்குப் படம் கிடையாது. கொன்றவர்கள் எடுத்த பிரசாரப் படங்களே மிஞ்சின. 2013-இல் கான் விழாவின் 'அன் செர்ட்டன் ரிகார்ட்' பிரிவில் முதற்பரிசு பெற்ற 'காணாமற்போன படம்' என்ற திரைப்படத்தில், சரித் மாங் என்ற சிற்பி செதுக்கி வண்ணம் தீட்டிய சிறு மண்பொம்மைகள் வயலில் நிற்கின்றன, மண் சுமக்கின்றன, பசியில் மெலிகின்றன. அவை அசைவதில்லை. காமிரா நகர்கிறது, குரல் நகர்கிறது. பொம்மை அப்படியே நிற்கிறது. ஏற்கெனவே இவ்வளவு வதைபட்டவர்களை இன்னொரு கை தொட்டு நசுக்கக்கூடாது என்ற மரியாதையாக அந்த அசையாமையை நான் வாசிக்கிறேன். தந்தையின் உருவம் மண்ணிலிருந்து செதுக்கி எடுக்கப்படுவதைப் படமே காட்டுகிறது. அவரைக் காட்ட அதைவிட நேர்மையான வழி அந்த மகனுக்கு இருந்திருக்காது.

இப்போது புழலுக்குத் திரும்பலாம். மண்ணுருவம் எந்த வேலையைச் செய்ய வல்லது என்று ரித்தி பான் காட்டினாரோ, அந்த வேலை இங்கே குவிந்து கிடக்கிறது. மதில் உயர்ந்த சிறைக்குள் காமிராவுக்கு இடமில்லை. காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்குள்ள மூத்தோர் விட்டுவந்த வீடுகளில் பலவற்றுக்கு ஒரு புகைப்படம்கூட மிஞ்சியிருக்காது. ஒரு பாட்டி தன் வீட்டு முற்றத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட வேண்டுமானால் கையால்தான் செய்து காட்ட வேண்டும். செங்குன்றத்தைச் சுற்றிய செங்கல் சூளைகளில் ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் கல் அறுக்கிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்பது கூலிக் கணக்கு. மண்ணைக் குழைத்து, அச்சில் அடித்து, வழித்து, கவிழ்த்து, அடுத்ததற்குப் போகிற அந்தக் கை ஒரு நாளில் செய்யும் அசைவுகளை எண்ணினால் எந்த அனிமேஷன் கலைஞரும் தோற்றுப்போவார். வாங்கிய முன்பணத்துக்காகக் கொத்தடிமைகளாய் அடைபட்டவர்களைத் திருவள்ளூர் மாவட்டச் சூளைகளிலிருந்து அதிகாரிகள் மீட்ட செய்தி பலமுறை வந்திருக்கிறது. செய்தியில் எண்ணிக்கை வரும், முகம் வராது. கிழக்கே எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்துச் சேற்றோடு கலந்து கெட்டியாகிவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அதன் மேல் எண்ணெயும் படிந்தது. இறால் பிடிக்கக் கையை விட்டுத் துழாவுகிறவர்களின் விரலுக்கு அந்தச் சேறு என்ன ஆயிற்று என்பது எந்த அறிக்கையையும்விட நன்றாகத் தெரியும்.

இந்த மண்ணையெல்லாம் எடுத்து யாராவது யூர்பெரி பாணியில் பயமுறுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இங்குள்ளவர்களின் உடலைக் கோரமாக வளைத்துக் காட்ட வெளியிலிருந்து வருகிறவருக்கு உரிமை இல்லை. வடசென்னையைக் கோரமாகக் காட்டுகிற வேலையை சினிமா போதுமான அளவு செய்துவிட்டது. கல் அறுத்த கை, வலை இழுத்த கை, முகாமில் வளர்ந்த கை தானே பொம்மை செய்யட்டும். எது அசைய வேண்டும், எது அசையாமல் நிற்க வேண்டும், எதை உடைக்க வேண்டும் என்று அந்தக் கையே தீர்மானிக்கட்டும்.

அதற்கு வேண்டியவை எட்டாத தூரத்தில் இல்லை. அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. மட்பாண்டக் கலை அங்கே தொடக்க காலத்திலிருந்து வருகிறது. தரமணியில் அரசின் திரைப்படக் கல்லூரியில் அனிமேஷன் கற்றுத் தருகிறார்கள். புரசைவாக்கத்தை ஒட்டிய கொசப்பேட்டையில் பிள்ளையாரும் கொலுப் பொம்மையும் செய்கிற குடும்பங்கள் இன்னும் மண் பிசைகின்றன. ஒரு மேசை, ஒரு விளக்கு, முக்காலியில் ஒரு கைப்பேசி இருந்தால் படம் எடுத்துவிடலாம். இரண்டு கல்லூரிகளும் சேர்ந்து புழலில் ஒரு பட்டறை தொடங்க வேண்டும். மண்ணைப் பற்றிச் சொல்லித்தர கொசப்பேட்டைக்காரர்களை ஊதியத்தோடு அமர்த்த வேண்டும். மாணவர்களைக் கோடையில் ஒரு படுகளத்துக்காவது அழைத்துப்போக வேண்டும். முகாமிலும் சூளையிலும் உள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பட்டறையில் முதல் இடம் தர வேண்டும்.